வாய்க்கால் தூர்வாரவும் வேலியோரக் கருவேலத்தை அகற்றவும் எவ்வளவு செலவாகும்? ஆள் விடலாமா, ஜேசிபியா?

இரண்டையும் ஒரே வேலையாகப் பேசி ஒட்டுமொத்தமாக விலை முடிக்காதீர்கள், அதில்தான் காசு போகும்.

முதலில் சீமைக்கருவேலம். மரம் பருத்திருந்தால் விறகு, கரி மூட்டம் போடும் வியாபாரியிடம் பேசுங்கள். ராமநாதபுரம், விருதுநகர் பக்கம் அவர்களே வெட்டிக்கொண்டு கையில் பணமும் தருவார்கள். ஆனால் அடிமரத் தூரை விட்டுவிட்டுப் போவார்கள். அடுத்த மழைக்கே அது தழைத்துவிடும். அதனால் வெட்டு முடிந்ததும் ஜேசிபியை விட்டு வேரோடு பிடுங்க வேண்டும். கிளுவை வேலி இருந்தால் அதைத் தொடாதீர்கள், கிளைகளைக் கவாத்து செய்தால் போதும்.

ஜேசிபிக்கு மணிக்கணக்கில்தான் வாடகை. வெளியில் சுமார் 1,200 முதல் 1,500 ரூபாய் வரை கேட்கிறார்கள். வேளாண் பொறியியல் துறையில் இதைவிடக் குறைவு, ஆனால் முன்பதிவு செய்து காத்திருக்க வேண்டும். குறுகலான வயல் வாய்க்காலுக்கு மண்வெட்டி ஆள்தான் சரி, இயந்திரம் கரையை உடைத்துவிடும்.

தூர்வாருவதைத் தண்ணீர் வடியும் தாழ்ந்த முனையிலிருந்து மேல்நோக்கித் தொடங்குங்கள், தேங்கிய நீர் தானாக வடியும். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அங்கே தண்ணீர் குட்டையாக நிற்கும். ஜேசிபி ஓட்டுநர்கள் வழக்கமாகச் செய்வது இதைத்தான், பக்கத்திலேயே நில்லுங்கள். வாய்க்காலில் நெய்வேலிக் காட்டாமணக்கு இருந்தால் தண்டுத் துண்டுகளைக் கரையில் போடாதீர்கள், ஈரம் பட்டால் வேர்விடும்.

பொது வாய்க்கால் என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்காமல் கை வைக்க வேண்டாம். டெல்டாவில் மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு முன்பே முடித்துவிடுங்கள்.