நான் ஒருத்தி மறுத்து என்ன ஆகப்போகிறது?

கேள்வி: தொழிற்சாலைக் கழிவுநீரைப் பரிசோதிக்கும் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். நச்சு அளவு கூடுதலாக வந்தால், கழிவு குறைவாக ஓடும் நேரம் பார்த்து மறுபடி மாதிரி எடுத்து, அந்த எண்ணைத்தான் அறிக்கையில் போடுகிறார்கள். முதல் எண் எங்கேயும் பதிவாகாது. எனக்கு உறுத்துகிறது. "சரி, தப்பு எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். உன் மனசாட்சியை எங்கள் மேல் திணிக்காதே" என்கிறார் சக ஊழியர். போர், சூடாகும் பூமி என்று மனித குலமே எங்கே போகிறதென்று தெரியவில்லை. இதில் நான் ஒருத்தி கையெழுத்துப் போட மறுத்து என்ன ஆகப்போகிறது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் சக ஊழியர் சொல்வதில் பாதி உண்மை. மனசாட்சி ஆளுக்கு ஆள் மாறத்தான் செய்கிறது. மனிதர்களை விலைக்கு வாங்கி வேலை வாங்கியவர்களில் எத்தனையோ பேர் துளி உறுத்தலும் இல்லாமல் வாழ்ந்து முடித்தார்கள். அதனால் 'என் மனசு சொல்கிறது' என்பதோடு நிறுத்திக்கொள்ள முடியாது. ஆனால் ஒன்று கேளுங்கள்: அந்த நீர் போய்ச் சேரும் இடத்தில் வாழ்பவரிடம், "இரண்டு எண் வந்தது, குறைந்ததைப் போட்டோம்" என்று நேரில் சொல்ல முடியுமா, உங்கள் சக ஊழியரால்? முடியாது. எண்ணை மறைப்பதிலேயே, அது தப்பு என்று அவருக்கும் தெரிந்திருப்பது வெளிப்பட்டுவிடுகிறது. நீங்கள் எதையும் திணிக்கவில்லை.

இருந்தும் ஏன் எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்கள்? 1961-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் என்ற உளவியலாளர் சில சோதனைகளைத் தொடங்கினார். சோதனைக்கு வந்தவர், ஆய்வாளர் சொல்கிறபடி, தப்பாகப் பதில் சொல்பவருக்கு மின் அதிர்ச்சி கொடுக்க வேண்டும். அதிர்ச்சி போலி, கொடுப்பவருக்கு அது தெரியாது. 40 பேரில் 26 பேர் உச்ச அளவான 450 வோல்ட் வரை போனார்கள். பலருக்கு வியர்த்தது, கை நடுங்கியது, பேச்சு திக்கியது. அதாவது மனசாட்சி வேலை செய்தது, கைதான் நிற்கவில்லை. (ஆட்களை ஏமாற்றி இப்படி வதைத்தது சரியா என்று மில்கிராமையே பிறகு கேட்டார்கள். நியாயமான கேள்வி.)

அதிகம் பேசப்படாத இன்னொரு சுற்றும் உண்டு. அதில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர், நடிக்க வந்தவர்கள்தான், நடுவிலேயே 'இனி மாட்டோம்' என்று விலகினார்கள். அந்தச் சுற்றில் கடைசிவரை போனவர்கள் 40-ல் 4 பேர் மட்டுமே. உங்களுக்கு நான் சொல்ல வருவது இதைத்தான். தனியாக நிற்கும் உறுத்தல் உடம்பை வாட்டும், அவ்வளவுதான். கூட ஒருவர் சேர்ந்தால் அது ஒரு தரப்பாகிவிடும்.

மனித குலத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அது உங்கள் மேசைக்கு ரொம்ப தூரத்தில் இல்லை. அண்டார்டிகாவில் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள், சூரியனின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் ஓசோனை அளந்தபோது, நம்ப முடியாத அளவுக்குக் குறைவான எண் வந்தது. அவர்களும் மறுபடி அளந்தார்கள், வேறு கருவியை வைத்து. முதல் எண் சரிதான் என்று உறுதியானதும், 1985-ல் வெளியிட்டார்கள். 1987-ல், ஓசோனைக் கெடுக்கும் வேதிப்பொருட்களைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பின்னாளில் எல்லா நாடுகளும் அதில் சேர்ந்தன. இன்றும் அது நடப்பது, ஒவ்வொரு நாடும் அந்த வேதிப்பொருட்களின் கணக்கை எழுதி அனுப்புவதால்தான். அந்தக் கணக்குகளுக்கு அடியில் எங்கோ உங்களைப் போல் ஒருவர் உட்கார்ந்து எண்களைப் பதிவு செய்கிறார்.

சரி, இப்போது என்ன செய்வது? நாளைக்கே ராஜினாமா, சண்டை எல்லாம் வேண்டாம். வேலை உங்களுக்கு எவ்வளவு அவசியம் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கணக்கை நீங்கள்தான் போட வேண்டும். முதலில், மாதிரி எடுக்கப் போகிற ஊழியரிடம் பேசுங்கள். எந்த நேரத்தில் எடுக்கச் சொன்னார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். அவருக்கும் உறுத்தல் இருக்க வாய்ப்பு அதிகம். அப்புறம் இருவருமாகப் போய் ஒரே ஒரு கோரிக்கை வையுங்கள்: இரண்டு எண்களும், எடுத்த நேரத்தோடு, அறிக்கையில் இருக்கட்டும். யாரையும் குற்றம் சொல்லாத கோரிக்கை இது. மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தரவே மாட்டார்கள் என்றால், அடுத்து எந்த அதிகாரியிடம் போவது என்பதை அந்த ஊழியரோடு சேர்ந்தே முடிவு செய்யுங்கள்.