போர்ட்டருக்கு எதிரான தீர்ப்பை ரத்து செய்தது யார்?

எந்த நீதிமன்றமும் இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடதரப்பு ஜெனரலாக இருந்து, ராணுவ நீதிமன்றத் தீர்ப்பால் 1863 ஜனவரியில் பதவிநீக்கப்பட்ட ஃபிட்ஸ் ஜான் போர்ட்டர் 1886இல் மறுபடி கர்னலானது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அவருக்கென்றே இயற்றிய தனிச் சட்டத்தால்தான்.

1879இல், வழக்கை மறுஆய்வு செய்த ராணுவ அதிகாரிகளின் ஸ்கோஃபீல்டு குழு தந்த அறிக்கையைத் தீர்ப்பு என்று எடுத்துக்கொண்டீர்கள் போலிருக்கிறது. அவர்மேல் குற்றச்சாட்டு எழுந்த இரண்டாம் புல் ரன் போரில் அவர்மேல் தவறில்லை என்றது அக்குழு. ஆனால் அதற்குப் பரிந்துரைக்கத்தான் அதிகாரம். அவரை மீண்டும் பதவியில் அமர்த்த 1884இல் வந்த மசோதாவையும் அதிபர் ஆர்தர் நிராகரித்துவிட்டார். அடுத்த அதிபர் கிளீவ்லண்ட் வந்துதான் 1886 சட்டம் கையெழுத்தானது.

இதேபோல் நீக்கப்பட்டவர்களாக நீங்கள் தேடும் மற்ற அதிகாரிகளுக்கு, நீக்க ஆணையில் ராணுவ நீதிமன்றத் தீர்ப்பைப் பற்றிய குறிப்பு உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் விசாரணையே நடக்காமலிருந்திருக்கலாம். 1862 ஜூலைச் சட்டப்படி அதிபரே நேரடியாக நீக்க முடிந்தது.

போர்ட்டர் 'முழு நிவாரணம்' பெற்றதாக மட்டும் எழுதிவிடாதீர்கள். இடைப்பட்ட ஆண்டுகளுக்குச் சம்பளம் தரப்படவில்லை.