'மனைவியின் பெயர்' என்று ஒரு கட்டம்

கேள்வி: என் மகள் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு, ஜெனிவாவில் உள்ள செர்ன் என்ற அணுத்துகள் ஆய்வகத்துக்கு விண்ணப்பித்திருக்கிறாள். அங்கே பெண்களின் எண்ணிக்கையைக் கூட்டப் பார்க்கிறார்களாம். "பொம்பளப் பிள்ளைன்னு எடுத்துக்கிடுவாங்க" என்று சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள். அப்படித்தானா அம்மா?
— ஒரு தகப்பனார், கல்லிடைக்குறிச்சி

பதில்: செர்ன் தொடங்கியது 1954இல். ஃபபியோலா ஜனாட்டி அதன் முதல் பெண் தலைமை இயக்குநராகப் பொறுப்பேற்றது 2016இல். 62 வருஷம்! 2025க்குள் பெண்கள் 25 சதவீதம் ஆக வேண்டும் என்பதுதான் அவர்கள் வைத்த இலக்கு. மீதி முக்கால் பங்கு யாருக்காம் என்று சொந்தக்காரர்களிடம் கேளுங்கள். நம் நாட்டு அரசின் அறிவியல் ஆய்வு அமைப்பான சிஎஸ்ஐஆரின் முதல் பெண் தலைமை இயக்குநராக 2022இல் வந்த கலைச்செல்வி உங்கள் பக்கத்து அம்பாசமுத்திரத்துக்காரர், பள்ளியில் தமிழ்வழி படித்தவர். அவரையும் எண்ணிக்கைக்காகத்தான் எடுத்தார்களா?

இடைஞ்சல் வேறு இடத்தில் இருக்கிறது, ஐயா. நான் வெளிநாட்டு வேளாண் ஆய்வு நிறுவனம் ஒன்றில் மண் பரிசோதனைப் பிரிவில் சேர்ந்தபோது, குடியிருப்புப் படிவத்தில் 'மனைவியின் பெயர்' என்றே அச்சடித்திருந்தார்கள். அதை அடித்துவிட்டு 'கணவர்' என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கியவர் படிவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பப் படிவத்தைப் பார்த்தார். என்னோடு வெளிநாடுகளிலிருந்து சேர்ந்த ஆண்களுக்கு வீடும் சமையலும் கூடவே வந்தன. என் வீட்டுக்காரருக்குப் பாளையங்கோட்டையில் சர்க்கார் உத்தியோகம். விட்டுவிட்டு வந்தாலும் அந்த நாட்டில் அவர் வேலை பார்க்க அனுமதி கிடையாது. ஆறு வருஷம் தனியாக ஓட்டினேன். மாமியார் அனுப்பும் உங்கள் ஊர் அப்பளக் கட்டு பாதி நொறுங்கித்தான் வரும். அந்தத் தூளைப் பொரித்து ரசத்துக்குத் தொட்டுக்கொள்வேன். ஒப்பந்தத்தை நீட்டிக்கிறோம் என்றார்கள், நான்தான் வேண்டாம் என்றேன். அவர்கள் கணக்கில் ஒரு பெண் குறைந்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது அவ்வளவு மோசமில்லை. செர்ன் போன்ற சர்வதேச அமைப்பில் வேலை பார்ப்பவரின் கணவனோ மனைவியோ கூடக் குடியிருந்தால், வேலை பார்க்க 'சிஐ' என்ற அனுமதியை சுவிட்சர்லாந்து தருகிறது. ஆனால் அனுமதி வேறு, வேலை வேறு. ஜெனிவாவில் பிரெஞ்சு தெரியாமல் கஷ்டம். மாப்பிள்ளை பார்க்கும்போது ஜாதகத்தோடு இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பேறுகால விடுப்பு எடுத்தால் ஒப்பந்தக் காலம் அந்த அளவுக்கு நீளுமா என்பதை, கையெழுத்துப் போடுமுன் மகளை எழுதிக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

அப்புறம், அப்பளம் அனுப்பினால் எவர்சில்வர் டப்பாவில் அனுப்புங்கள். அட்டைப்பெட்டி தாங்காது.