'அவரே சொல்லிவிட்டார்'

கேள்வி: டெக்சாஸ் மாநிலத்தில் டாலஸில் வேலை பார்க்கிறேன். ஜூலையில் நான்கு இரவுகள் சான் பிரான்சிஸ்கோ செல்லத் திட்டமிட்டுள்ளோம். நான், மனைவி, 9 மற்றும் 6 வயதில் இரண்டு குழந்தைகள், ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருக்கும் என் அம்மா (68) ஆகியோர் போகிறோம். விமானச் சீட்டு நீங்கலாக 1,800 டாலருக்குள் முடிக்க வேண்டும். நாப் ஹில் பகுதியில் சமையலறையுடன் ஓர் அறை, மற்ற இடங்களைவிட இரவுக்கு 35 டாலர் குறைவாகக் கிடைக்கிறது. மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. கார் வாடகைக்கு எடுக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால் அறையிலேயே இருந்து சமைத்து வைப்பதாக அவரே சொல்லிவிட்டார். ரைஸ் குக்கரைக்கூடப் பெட்டியில் வைத்தாகிவிட்டது. வேறு எங்கே செலவைக் குறைக்கலாம்?

பதில்: செலவைக் குறைக்க வழி கேட்டு வரும் கடிதங்கள் எனக்குப் புதியவை அல்ல. அவற்றில் முதலில் குறைக்கப்படுகிற ஆள் யார் என்பதும் எனக்குத் தெரியும். உங்கள் கடிதத்தில் அறை, கார், டாலர் எல்லாம் விவரமாக இருக்கின்றன. அம்மாவுக்கு ஒரே ஒரு வாக்கியம்தான், அதிலும் அவர் சாப்பாட்டுச் செலவை மிச்சப்படுத்தும் ஏற்பாடாகத்தான் வருகிறார்.

'அவரே' என்று எழுதியிருக்கிறீர்கள். இலக்கணத்தில் ஏகாரத்துக்குப் பல பொருள்கள் உண்டு. நீங்கள் அதை, உறுதியைக் காட்டும் தேற்ற ஏகாரம் என்று எண்ணி எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ அது பிரிநிலை ஏகாரமாகத்தான் தெரிகிறது. ஐந்து பேர் போகும் பயணத்தில் ஒருவரை மட்டும் பிரித்தெடுத்து மூன்றாவது மாடியில் உட்கார வைக்கிறது அது.

அவர் இதை எப்போது சொன்னார்? நீங்களும் உங்கள் மனைவியும் மேசைமேல் லேப்டாப்பைத் திறந்து வைத்து, அறைக்கு இவ்வளவு, காருக்கு இவ்வளவு என்று அவர் காதுபடக் கூட்டிக் கழித்த பிறகாகத்தான் இருக்கும். மகன் வீட்டில், கையில் சொந்தமாக ஒரு டாலரும் இல்லாமல் இருக்கும் பெண்மணி அந்தக் கணக்கைக் கேட்டபின் வேறென்ன சொல்வார்? வீட்டுக்கு வந்தவர் 'சாப்பாடெல்லாம் வேண்டாம்' என்றால் நாம் உடனே இலையை எடுத்து உள்ளே வைத்துவிடுவதில்லை, இன்னொரு முறை வற்புறுத்துகிறோம். அந்த மரியாதைகூடப் பெற்றவளுக்குக் கிடைக்கவில்லை. உங்கள் வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொள்கிறவருக்கு ஊர் சுற்றிக் காட்டுவதாக அழைத்துப்போய் இன்னொரு அடுப்பைக் காட்டப் போகிறீர்கள். தாயை உடன் அழைத்துச் செல்வது மகனின் கடமை என்று நம்புகிற பழைய காலத்து ஆள் நான். முடியாதென்றால் பயணத்தையே தள்ளிப்போட வேண்டும் என்பதும் என் கட்சிதான்.

இனி அந்த அறை. நாப் ஹில் என்பது பெயருக்கு மட்டும் மேடான இடம் இல்லை. அடுத்துள்ள ரஷ்யன் ஹில்லில் ஃபில்பர்ட் தெருவின் ஒரு பகுதி, நூறு அடி போவதற்குள் முப்பத்தோரு அடிக்கு மேல் ஏறுகிறது. 1869-இல் அந்த நகரத்தின் மேட்டுத் தெரு ஒன்றில் பாரம் இழுத்த குதிரைகள் சறுக்கி விழுந்து இழுபட்டுச் செத்ததைப் பார்த்து மனம் பொறுக்காமல்தான் ஆண்ட்ரூ ஹாலிடி என்பவர், தெருவுக்கடியில் ஓடும் கம்பிவடம் இழுத்துச் செல்லும் கேபிள் காரை உருவாக்கினார் என்று சொல்வார்கள். 1873-இல் முதல் வண்டி ஏறியது நீங்கள் அறை பார்த்திருக்கும் அதே நாப் ஹில்லில்தான். குதிரைக்குக் கூடாதென்று அவர் நினைத்த ஏற்றத்தின் மேல் மூன்று மாடிகளையும் சேர்த்து, நான்கு இரவுக்கு 140 டாலர் மிச்சம் என்று நீங்கள் கணக்கு எழுதியிருக்கிறீர்கள்.

பணம் குறைய வேண்டியது காரில். அந்த நகரத்தின் மையப் பகுதியில் ஓட்டலில் கார் நிறுத்த ஓர் இரவுக்கு 50 டாலருக்கு மேல் கேட்பது சாதாரணம். ஏற்றத்தில் தெருவோரம் நிறுத்தினால் முன்சக்கரத்தைத் திருப்பி ஓரக்கல்லில் முட்டக் கொடுக்க வேண்டும், மறந்தால் அபராதம். கண்ணாடியை உடைத்துப் பையைத் தூக்கிப் போகிறவர்களுக்கும் அங்கே பஞ்சமில்லை. காரை விட்டுவிடுங்கள். முனி என்னும் நகரப் பேருந்துகளில் 18 வயது வரை கட்டணமே இல்லை, 65-க்கு மேல் ஏறக்குறையப் பாதிக் கட்டணம், மற்றவர்களுக்கு மூன்று டாலருக்குள். ஒரு முறை கட்டினால் இரண்டு மணி நேரம் வண்டி மாறி மாறிப் போகலாம். கட்டணம் செலுத்த உதவும் கிளிப்பர் அட்டையை முதியோர் சலுகையோடு வாங்க அம்மாவின் பாஸ்போர்ட்டை எடுத்துப் போங்கள். தங்குவதற்கு மில்பிரே போன்ற விமான நிலையத்தை ஒட்டிய சமதளப் பகுதியில், லிஃப்ட் உள்ள ஓட்டலைப் பாருங்கள். அங்கிருந்து பார்ட் ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் நகரத்துக்குள் இருப்பீர்கள். மிஞ்சும் காசில் ஒருநாள் மாலை அவர் களைத்துப்போனால் டாக்சி வைத்துக்கொள்ளலாம்.

வலிக்கிற முழங்காலோடு பார்க்க அந்த நகரத்தில் நிறையவே இருக்கிறது. கடற்கரையோரச் சமதளத்தில் எஃப் தடத்துப் பழைய டிராம்கள் பேருந்துக் கட்டணத்துக்கே ஓடுகின்றன. சில வண்டிகள் 1928-இல் மிலான் நகரத்துக்காகக் கட்டப்பட்டவை. மெருகேறிய மரப்பலகை இருக்கை, இத்தாலிய மொழி அறிவிப்புகள்கூட அப்படியே உள்ளே இருக்கும். படி மட்டும் உயரம், கையைப் பிடித்து ஏற்றிவிடுங்கள். அது கொண்டுபோய் விடும் கடைசி நிறுத்தத்துக்குச் சற்று முன்பு, பியர் 39 என்னும் படகுத்துறையில் கடல்சிங்கங்கள் மரமேடைகளில் ஒன்றன்மேல் ஒன்று கிடந்து கத்துவதைக் காசில்லாமல் எவ்வளவு நேரமும் பார்க்கலாம். பேரக்குழந்தைகளும் பாட்டியும் சேர்ந்து சிரிக்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. டெலிகிராஃப் ஹில் உச்சியிலுள்ள காய்ட் கோபுரத்துக்கு 39-ஆம் எண் பேருந்து மேலேயே ஏறிப் போகும். 1937-இல் திறந்த கோல்டன் கேட் பாலத்துக்கு 28-ஆம் எண் போகிறது. நடைபாதைக்குக் கட்டணம் இல்லை, அவரால் முடிந்த தூரம் நடந்து திரும்பட்டும், முழு நீளமும் போய்த்தான் ஆக வேண்டும் என்று குழந்தைகளை இழுத்துக்கொண்டு முன்னால் ஓடாதீர்கள். கோல்டன் கேட் பூங்காவில் டி யங் அருங்காட்சியகக் கோபுரத்துக்கு லிஃப்டில் இலவசமாக ஏறி, நகரத்தின் மேடுபள்ளம் எல்லாவற்றையும் ஓரிடத்தில் நின்று பார்க்கலாம்.

கேபிள் காரில் ஒரு தடவை போதும். ஒருவருக்கு 8 டாலருக்குக் குறையாது. அதன் அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் கிடையாது, தெருவுக்கடியில் ஓடும் கம்பிவடத்தைச் சுற்றி இழுக்கும் பெரிய சக்கரங்களை உங்கள் மூத்த பிள்ளை விட்டு நகர மாட்டான்.

சாப்பாட்டுக்குக் காலையில் ரொட்டி, பழம், தயிர். மதியம் மிஷன் பகுதியில் இறைச்சி இல்லாத பரிட்டோ என்னும் மெக்சிகோ ரொட்டிச் சுருள், ஒன்றை இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளலாம். அந்தப் பகுதி சமதளம், வெயிலும் மற்ற இடங்களைவிட அதிகம். மற்றபடி ஜூலையில் அங்கே மூடுபனியும் குளிர்காற்றும்தான். டாலஸ் வெயிலை நம்பிப் போகாமல் அம்மாவுக்கு ஸ்வெட்டரும் காலுறையும் பெட்டியில் வையுங்கள். இடம் போதாது என்பீர்கள். அந்த ரைஸ் குக்கரை வெளியே எடுத்துவிடுங்கள்.