அயர்லாந்துத் தாய், ஆங்கிலேயத் தந்தை: என் கணவர் எந்த நாட்டவர்?

கேள்வி: நாங்கள் பர்மிங்காமில் வசிக்கிறோம். என் மாமியார் அயர்லாந்தின் மேயோவில் பிறந்தவர்; மாமனார் ஆங்கிலேயர். கணவர் அண்மையில் அயர்லாந்துக் கடவுச்சீட்டு பெற்றதிலிருந்து, "வசதிக்காக நாடு மாறிவிட்டாயா?" என்று அவருடைய அண்ணன் குத்திப் பேசுகிறார். பிள்ளைகளிடம் நாங்கள் என்ன சொல்வது?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

அயர்லாந்தில் பிறந்த குடிமகள் ஒருவரின் பிள்ளை எந்த நாட்டில் பிறந்தாலும், 1956ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி பிறக்கும்போதே அயர்லாந்துக் குடிமகன்தான். ஆகவே உங்கள் கணவர் புதிதாக எதுவாகவும் மாறவில்லை; குத்திப் பேசும் அண்ணனும் அதே உரிமையோடு பிறந்தவரே. பிரிட்டனும் இரட்டைக் குடியுரிமையைத் தடுப்பதில்லை.

ஆனால் உங்கள் வீட்டில் நடப்பது சட்டத் தகராறு அன்று. "நீ எந்தப் பக்கம்?" என்ற கேள்வி எவ்வளவு கொடியது என்பதற்கு எர்ஸ்கின் சில்டர்ஸின் வாழ்க்கையைவிடப் பெரிய சான்றை நான் அறியேன். அவர் 1870இல் லண்டனில் பிறந்தவர், தந்தை, இலங்கையில் பணியாற்றிப் பின்னாளில் பாலி மொழிக்கு அகராதி தொகுத்த ஆங்கிலேயர், தாய் அயர்லாந்துக்காரர். சிறுவயதிலேயே தந்தையை இழந்து, அயர்லாந்தின் விக்லோவில் தாய்வழி உறவினர் வீட்டில் வளர்ந்தார். தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் பிரிட்டனுக்காகச் சென்றவர், 1914 ஜூலையில் அயர்லாந்துத் தொண்டர் படைக்காகத் தம் பாய்மரப் படகில் துப்பாக்கிகளை டப்ளின் அருகிலுள்ள ஹோத் துறைமுகத்தில் கொண்டுவந்து இறக்கினார். அடுத்த மாதமே உலகப்போர் மூண்டதும் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்தார். பின்னர் அயர்லாந்தின் விடுதலைக்கு உழைத்து, பிரிட்டனுடன் அயர்லாந்துத் தலைவர்கள் செய்துகொண்ட 1921 உடன்படிக்கையை அவர் எதிர்த்தபோது, டப்ளின் நாடாளுமன்றத்திலேயே அவரை ஆங்கிலேயன் என்று ஏசினார்கள். அந்த உடன்படிக்கையால் மூண்ட உள்நாட்டுப் போரின்போது, 1922 நவம்பரில் அயர்லாந்து அரசே அவரைச் சுட்டுக் கொன்றது. லண்டனில் பிறந்த அவருடைய மகன்தான் 1973இல் அயர்லாந்தின் குடியரசுத் தலைவரானார்.

அதற்காக அண்ணனைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. 1974 நவம்பரில் உங்கள் ஊரின் மதுக்கூடங்களில் வெடித்த குண்டுகள் 21 உயிர்களைப் பறித்து, பழி ஐ.ஆர்.ஏ. என்ற அயர்லாந்து ஆயுதக் குழுவின்மேல் விழுந்த பிறகு, எந்தக் குற்றமும் செய்யாத அயர்லாந்துக் குடும்பங்கள் அக்கம்பக்கத்தாரின் பகைமைக்கு ஆளாகி, தங்கள் பேச்சுச் சாயலையே அடக்கிக்கொண்டு வாழ நேர்ந்தது. ஆங்கிலேயனாக மட்டும் இருப்பதே பாதுகாப்பு என்ற எண்ணம், அந்த அச்சம் நிலவிய வீட்டிலிருந்தே அவருக்கு வந்திருக்கக்கூடும். அண்ணன் தம்பி இருவரையும் அம்மாவின் அருகில் அமர்த்தி, அந்த ஆண்டுகளை எப்படிக் கடந்தார் என்று அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். வாதிட்டு வெல்வதைவிட அதில்தான் எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

பிள்ளைகளிடம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல வேண்டாம். மேயோவையும் இங்கிலாந்தையும் உங்கள் தமிழையும் அவர்கள் தங்களுடையதாகச் சொல்லிக்கொள்ளட்டும். அவர்கள் இங்கிலாந்தில் பிறந்திருந்தால், பாட்டியின் பிறப்பை ஆதாரமாகக் காட்டி அயர்லாந்தின் வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் பெயர் சேர்த்தால்தான் குடியுரிமை கிடைக்கும்; அவர்களுக்குக் குழந்தைகள் பிறப்பதற்கு முன்பே பதிந்துவிட்டால், அந்த உரிமை அடுத்த தலைமுறைக்கும் தொடரும்.