வம்சாவளிப் பூனை என்றால் என்ன? நீளமுடி இருந்தால் போதுமா?

செங்கோட்டை, தென்காசிப் பக்கம் பூனைக்குட்டி வாங்குகிறவர்கள் அதிகம் கேட்பது இதுதான். சின்ன வயதிலிருந்தே பூனைகளோடு வளர்ந்து, இப்போது பெர்சியன் என்ற நீளமுடிப் பூனை இனத்தை இனப்பெருக்கம் செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

தாய், தகப்பன், பாட்டன், பாட்டி என்று ஒரு பூனையின் சில தலைமுறைகள் பூனைச் சங்கப் பதிவேட்டில் இருந்தால் அது வம்சாவளிப் பூனை. அமெரிக்காவில் 1906-லும் பிரிட்டனில் 1910-லும் தொடங்கிய சங்கங்கள் இன்றும் இப்படிப் பதிவு செய்கின்றன. வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் மூலப்பத்திரம் பார்த்துத்தானே வாங்குகிறோம், அதே மாதிரி.

சரி, பதிவு எதற்கு? நீளமுடி மரபணு ஒளிந்து வரக்கூடியது. குட்டைமுடித் தெருப்பூனைகள் இரண்டும் அதைச் சுமந்தால், அவற்றுக்கும் நீளமுடிக் குட்டி பிறக்கலாம். ஆக, தோற்றத்தை வைத்து வம்சம் சொல்ல முடியாது.

இதைவிட முக்கியம் நோய். பெர்சியன்களுக்குச் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வரும் பரம்பரை நோய் உண்டு. பெற்றோரில் ஒன்றுக்கு இருந்தாலே ஒவ்வொரு குட்டிக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. டிஎன்ஏ பரிசோதனையில் தெரிந்துவிடும். அந்த மரபணு உள்ள பூனையை, எத்தனை அழகாக இருந்தாலும், நான் இணைசேர்க்க மாட்டேன். அப்புறம், குட்டி 12 வாரமாவது தாயோடு இருக்கட்டும். புளியரை தாண்டிக் கேரளாவிலிருந்து வந்து அவசரப்படுத்துகிறவர்களிடமும் இதையே சொல்கிறேன்.

வம்சாவளிச் சான்றிதழ் இருந்தால் பூனை ஆரோக்கியமானது என்று பலர் நம்புகிறார்கள். அது பரம்பரையை மட்டும்தான் சொல்லும், உடல்நிலையைச் சொல்லாது.