வெள்ளை டியூப் எதற்கு?

அன்புள்ள ஐயா,
புயலைப் பார்ப்பதற்காக ஓவியர் டர்னர் தன்னைப் பாய்மரத்தில் கட்டிக்கொண்டார் என்று படித்தேன். நானும் கடலோர ஊர்க்காரன், புயல்கள் பார்த்து வளர்ந்தவன். ஆனாலும் நீர்வண்ணத்தில் அலை வரைந்தால் சுண்ணாம்பு பூசியதுபோல இருக்கிறது. வெள்ளை வண்ணத்தில் எந்த பிராண்டு நல்லது?
கே.

அன்புள்ள கே.,

பாய்மரக் கதையை விடுங்கள். 1842-ல் காட்சிக்கு வந்த ஒரு ஓவியத்தை ஒட்டிய கதை அது. நம்பாதவர்கள் நிறைய. தவிர, அந்தப் படம் எண்ணெய் வண்ணம்.

சில நாட்களாக டர்னரின் இன்னொரு படத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 1818 வாக்கில் வரைந்த நீர்வண்ணம், இங்கிலாந்தில் பெட்ஃபோர்டில் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் ஒன்று உடைகிறது. செங்குத்தாகச் சாய்ந்த தளத்தில் கொத்துக்கொத்தாக மனிதர்கள். அது ஹால்ஸ்வெல் கப்பல் என்று கருதுகிறார்கள். நம் மெட்ராஸுக்குப் புறப்பட்டு, 1786 ஜனவரியில் இங்கிலாந்தின் டார்செட் கரைப் பாறைகளில் மோதிய கப்பல். கேப்டனும் கூடவே வந்த அவருடைய இரண்டு மகள்களும் செத்துப்போனார்கள். அப்போது டர்னருக்குப் பத்து வயது. அவர் எங்கே அதைப் பார்த்தார்? புயல் பார்த்தேன் என்கிற பெருமையை முதலில் இறக்கி வையுங்கள். கரையில் நின்ற எல்லாரும்தான் பார்த்தார்கள்.

அதே 1818-ல், யார்க்ஷயரில் வால்டர் ஃபாக்ஸ் என்ற நண்பரின் வீட்டில் டர்னர் ஒரு போர்க்கப்பலை வரைந்தார். பக்கத்திலிருந்து பார்த்த அந்த வீட்டுப் பையன் பின்னால் சொல்லியிருக்கிறான்: தாள் ஊறும்வரை வண்ணத்தை ஊற்றினார், வெறிபிடித்தவர்போலக் கிழித்தார், சுரண்டினார், பிறாண்டினார்; மதியச் சாப்பாட்டுக்குள் நுணுக்கமெல்லாம் கூடிய கப்பல் வந்துவிட்டது. சுரண்டுவதற்காகவே கட்டைவிரல் நகத்தை வளர்த்து வைத்திருந்த மனிதர் அவர்.

புரிகிறதா? நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது தாள்தான். நுரையை மேலே வைக்கக் கூடாது, உள்ளேயிருந்து எடுக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போது துணியால் ஒற்றி எடுத்தால் மங்கலான சாரல் வரும். நன்றாகக் காய்ந்தபின் கத்தி முனையால் இழுத்தால் அலையின் உச்சி பளிச்சென்று வெட்டிக்கொண்டு வரும். ஒரே படத்தில் இந்த இரண்டும் சேரும்போதுதான் கடல் அசைகிறது. நீங்களோ எல்லாவற்றுக்கும் மேலே வெள்ளையை அப்புகிறீர்கள். அடியில் தாளின் வெளிச்சம் மூச்சு முட்டிக் கிடக்கிறது.

உங்கள் ஆர்வம் எனக்குப் பிடித்திருக்கிறது, அதனால்தான் இவ்வளவு திட்டுகிறேன். கனமான தாளாக வாங்குங்கள், மெல்லிய தாள் சுரண்டலைத் தாங்காது. கிழிந்தால் கிழியட்டும், இன்னொன்றை எடுங்கள். ஆனால் அடுத்த கடிதத்திலும் டியூப் பிராண்டு கேட்டால் பதில் போட மாட்டேன்.